அவர் பெயருக்கு வந்த மருந்து

நெஞ்சு நோய் எங்கள் வீட்டில் முதலில் வந்தது எனக்குத்தான். அது யாருக்கும் தெரியாது. எனக்கே சரியாகத் தெரியாது.

பதினோரு வயதில், கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டிருந்தபோது, காய்ச்சல் கண்டு படுத்தேன். முழங்கால் இரண்டும் வீங்கின. ஒன்று வற்றினால் மற்றது வீங்கும். அப்புறம் மணிக்கட்டுக்குப் போகும். மூன்று மாதம் அப்படிக் கிடந்தேன். எழுந்த பிறகு எல்லாப் பெண்களோடும் ஓடியாடத்தான் செய்தேன். ஆனால் ஓட்டம் முடிந்ததும் மற்றவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், நான் மட்டும் தரையில் உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமாகி இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதற்காகச் சுவரில் சாய்ந்து தூங்கியவள், குழந்தை பால் மறந்த பிறகும் சாய்ந்தே தூங்கினேன். பழக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் போனேன். கன்னியாஸ்திரிகள் பணிவிடை செய்கிற தர்ம ஆஸ்பத்திரி அது. காலையில் போய் உட்கார்ந்தவளுக்கு உச்சிவேளையில்தான் முறை வந்தது. தமிழ் பேசும் உதவியாளர் ஒருவர் என்ன செய்கிறது என்று கேட்டார். தலை சுற்றுகிறது என்றேன். நெஞ்சைப் பார்க்க வேண்டும், ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு உள்ளே போ என்றார். உள்ளே வெள்ளைக்கார டாக்டரும் இன்னும் இரண்டு ஆண்களும் நின்றிருந்தார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை, வெளியே கூட்டம் காத்திருந்தது. ரத்தம் ஊறும் என்று சொல்லிக் கறுப்பாக ஒரு மருந்துத் தண்ணீரைக் கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. மறுத்தது நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, என் வீட்டுக்காரர் ஆலையில் தறிக்கு முன்னால் நின்றபடியே விழுந்தார். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. நெய்கிற பிரிவில் நல்ல பேர் உள்ளவர். கூட வேலை செய்கிற நான்கு பேர் அவரைப் புஷ் வண்டியில் உட்காரவைத்து, வண்டிக்காரன் பின்னாலிருந்து தள்ள, இரண்டு பக்கமும் ஓடி வந்தே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்குச் சொல்லியனுப்பி நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். உதடு நாவற்பழம் தின்றவர் போல் இருந்தது.

டாக்டர் பிரெஞ்சில் கேட்டார். உதவியாளர் அதைத் தமிழில் சொன்னார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? வாங்குகிறது என்றார் அவர். மாலையில் கால் வீங்குகிறதா? ஆமாம். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா? ஒரு மாதமாக அப்படித்தான். நெஞ்சு படபடவென்று அடித்து, ஒரு கணம் நின்று, மறுபடி அடிக்கிறதா? அவர் யோசித்துப் பார்த்து, இரண்டு தடவை அப்படி ஆனது என்றார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குள் பதில் வந்துவிட்டது. மூச்சு எனக்கு மூன்று வருஷமாக வாங்குகிறது. கால் வீக்கத்தால் மெட்டியைக் கழற்றி ஆறு மாதம் ஆயிற்று. நெஞ்சு நின்று அடிப்பதை இரண்டு தடவை என்று எண்ணிச் சொல்ல என்னால் முடியாது. டாக்டர் அவர் மார்பில் குழலை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் குழலை அப்படியே ஒரு எட்டு நகர்த்தி என் மேல் வைத்தால் போதுமே என்று தோன்றியது. உடனே வெட்கமாக இருந்தது. புருஷன் பிழைப்பானா என்று கிடக்கும்போது இது என்ன நினைப்பு என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, உப்பு கூடவே கூடாது, கோபப்படவும் கூடாது. ஒரு சிறு கறுப்புக் குப்பியில் மருந்து. காலையில் ஐந்து சொட்டு, மாலையில் ஐந்து சொட்டு, தண்ணீரில் விட்டுக் குடிக்க வேண்டும். ஒரு வாரம் குடித்தால் மறு வாரம் நிறுத்த வேண்டும். ஏன் நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விலை உயர்ந்த மருந்து, மிச்சம் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அவருடைய அக்கா. புருஷனை இழந்து உழவர்கரையிலிருந்து எங்களோடு வந்து இருந்தவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பி என்றால் அண்ணிக்கு உயிர். குப்பியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மாடத்தில், மாதா படத்துக்குப் பின்னால் வைப்பார். காலையும் மாலையும் சன்னல் பக்கம் நின்று, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒண்ணு, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணித்தான் விடுவார். வீடே என் வீட்டுக்காரர் நெஞ்சைச் சுற்றி நடந்தது. பிள்ளைகள் வாசலில் விளையாடினார்கள். ஆலை ஆட்கள் முட்டையும் ஆட்டுப்பாலும் கொண்டுவந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றையே சொன்னார்கள்: அவனை நல்லாப் பாத்துக்கோ.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். உப்பில்லாமல் அவருக்கு ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டி. அவர் வேலைக்குப் போகாததால் நான் வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரத் தெருவில், மாடி வைத்த ஒரு வீட்டுக்குத் துணி துவைக்கவும் தண்ணீர் ஏற்றவும் போனேன். இருபத்திரண்டு படி. பதினோராவது படியில் நின்றுவிடுவேன். வாளியைப் படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வீட்டம்மாள் தமிழ்க்காரிதான், ஆனால் புருஷன் பெரிய உத்தியோகம். பேச்சில் பாதி பிரெஞ்சு. அவள் ஒருநாள் என்னைப் பார்த்து உடம்புக்கு முடியாவிட்டால் சொல்லு, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதன் பிறகு அவள் கண்ணில் படாத நேரமாகப் பார்த்து ஏறினேன்.

அண்ணியிடம் ஒருதரம் சொன்னேன், எனக்கும் மூச்சு வாங்குகிறது என்று. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, "பொம்பளன்னா வாங்காதா? ரத்தம் பத்தல ஒனக்கு. இந்தக் கீரைய நீயும் கொஞ்சம் சாப்புடு," என்றார். அன்று எனக்கென்று ஒரு பிடி எடுத்தும் வைத்தார்.

ஆவணியில் ஒரு காலை. அண்ணி பூசைக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நன்றாகத் தேறிவிட்டிருந்தது. கால் வீக்கம் வற்றி நரம்பு தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்தேன், என் காலைப் பார்த்தேன். விரலால் கணுக்காலில் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மாடத்திலிருந்து குப்பியை எடுத்தேன். அவசரத்தில் ஒரு சொட்டு சேலையில் விழுந்தது. மூன்று சொட்டைத் தண்ணீரில் விட்டுக் குடித்தேன். கசப்பு. அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, இப்போது செத்துவிடுவேனோ என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பால் பொங்கியது, இறக்கி வைத்தேன்.

தினமும் எடுத்தேன். நாலைந்து நாளில் மூச்சு வாங்குவது குறைந்தது. வாரம் முடிவதற்குள் மெட்டி விரலில் ஏறியது. இருபத்திரண்டு படியை ஒரே மூச்சில் ஏறியபோது மேலே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வருஷங்களில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை. அதன் பிறகு எப்படி நிறுத்துவது? அவர் குடிக்கிற வாரத்திலும் எடுத்தேன், நிறுத்துகிற வாரத்திலும் எடுத்தேன். மூன்று சொட்டு ஐந்தாயிற்று.

குப்பி குறைந்தது. அண்ணி அதைச் சன்னலில் தூக்கிப் பார்த்து, கணக்குப்படி இன்னும் இருக்க வேண்டுமே என்றார். மூடி சரியாக மூடவில்லையா, ஆவியாகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாள் அண்ணி பூசைக்குப் போனதும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பழைய அளவுக்கு ஊற்றி வைத்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு தரம் ஊற்றினேன். அதை ஊற்றும்போது நான் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அவர் தேறிவிட்டார், இனி அவருக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று நம்ப விரும்புகிறேன்.

புரட்டாசிக் கடைசியில் அவர் கால் மறுபடி வீங்கியது. ஆலை ஆட்களின் கண்ணேறு என்று அண்ணி மிளகாய் சுற்றிப் போட்டார். என் வீட்டுக்காரர் இருமினார். சாய்ந்து தூங்கியவர் நிமிர்ந்து உட்கார்ந்து தூங்கினார். ஒரே சுவரில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கும் மருந்து முன்போல வேலை செய்யவில்லை. அதனால் எட்டு, பத்து என்று எடுத்தேன். தண்ணீர் ஊற்றியவள் நானே. ஆனாலும் பத்து எடுத்தேன். அவர் வீங்குவது எதனால் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை நினைக்காமல் இருப்பதற்கே பகலெல்லாம் வேலை செய்தேன்.

சனிக்கிழமைப் பாவசங்கீர்த்தனத்தில், வியாதிக்காரர் பங்கிலிருந்து திருடித் தின்றேன் என்று சுவாமியாரிடம் சொன்னேன். ஏதோ பலகாரம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். குப்பி அப்படியே இருந்தது.

ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை, மழையில் அவரை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். ஐந்து சொட்டு இவருக்குப் போதவில்லை, பத்தாக்க வேண்டும் என்றார். காலையில் பத்து, மாலையில் பத்து. புதுக் குப்பி கொடுத்தார்கள். ஞாயிறு வரை நிறுத்துகிற நாள், திங்கள் காலையில் தொடங்கச் சொன்னார்கள். அண்ணி அந்தக் குப்பியையும் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான் புதுக் குப்பியிலிருந்து பத்து சொட்டு எடுத்துக் குடித்தேன். சனிக்கிழமையும் எடுத்தேன். அன்று சோற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. மாலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அண்ணி என் முதுகைத் தடவிவிட்டு, நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. வீட்டில் இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவில் தேவன் ஒரு உயிரைத் தருகிறார் என்று சொல்லி என்னைக் குடம் தூக்க விடாமல் தானே தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் பயம் வந்தது. பீடத்தின் மேல் விரித்திருந்த துணியில் ஓரத்து லேஸ் நான் பின்னியது. அதன் வெள்ளை எனக்குத் தெரியும். அது மஞ்சளாக இருந்தது, மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தது போல. சுவாமியாரின் உடுப்பு மஞ்சள், சுவர் மஞ்சள், முன்வரிசைப் பிள்ளைகளின் முகம் மஞ்சள். மெழுகுதிரியைச் சுற்றிப் பச்சையாக வளையம் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் அப்படியே இருந்தது. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். நாடி ஒன்று அடித்தது. அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு இரண்டு சேர்ந்து அடித்தன. பிறகு மறுபடி ஒன்றும் இல்லை.

முதலில் தேவ தண்டனை என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், அண்ணி எதிர்வீட்டுக்காரியிடம் என் வயிற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, புத்தி தெளிந்தது. டாக்டர் ஐந்தைப் பத்தாக்கியது, நான் ஊற்றிய தண்ணீருக்காக. தண்ணீர் கலந்த மருந்தை அவருக்குப் போதாத மருந்து என்று நினைத்துக் கூட்டிவிட்டார். புதுக் குப்பியில் தண்ணீர் இல்லை. நாளைக்கு ஒரு வேளை பத்து என்று நான் இரண்டு நாள் எடுத்ததற்கே கண் இப்படி ஆகிவிட்டது. நாளை காலை அவருக்குப் பத்து, மாலை பத்து, ஏழு நாளைக்கு.

அன்று பகல் முழுதும் சொல்ல வேண்டும் என்று அவர் பக்கத்தில் போய்ப் போய் நின்றேன். சொன்னால் என்ன ஆகும்? அவர் அடிக்கிறவர் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அண்ணி ஊரைக் கூட்டுவார். ஆலை ஆட்கள் வருவார்கள். புருஷன் மருந்தில் தண்ணீர் கலந்தவள் என்று போலீசுக்குச் சொன்னாலும் சொல்வார்கள். பிள்ளைகளை என்னிடம் விடுவார்களா? ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்து பார்த்து என்ன என்பார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

திங்கள் காலை அண்ணி தெருக்குழாய்க்குப் போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. புதுக் குப்பியிலும் தண்ணீர் ஊற்றிவிட்டால்? பழைய குப்பி எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடுமே. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். குப்பியை எடுத்துத் திறந்து, மறு கையில் செம்போடு நின்றேன். எவ்வளவு ஊற்றுவது என்று தெரியவில்லை. முன்பு எவ்வளவு ஊற்றினேன், எப்போது ஊற்றினேன், அதில் எவ்வளவு அவருக்குப் போயிற்று, எவ்வளவு எனக்குப் போயிற்று, எதுவும் தெரியவில்லை. செம்பும் குப்பியும் மஞ்சளாகத் தெரிந்தன. அப்படியே நிற்கும்போது அண்ணி குடத்தோடு உள்ளே வந்துவிட்டார். நான் மருந்து கொடுக்கத்தான் எடுத்தேன் என்று நினைத்து, நீ வாந்தியும் மயக்கமுமாக இருக்கிறாய், என்னிடம் கொடு என்று குப்பியை வாங்கிக்கொண்டு சன்னலுக்குப் போனார்.

ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ண ஆரம்பித்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அஞ்சு, ஆறு. என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒம்போது, பத்து. அண்ணி டம்ளரை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை வாய்க்குக் கொண்டுபோனார். நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அதக் குடிக்காதீங்க. பழைய குப்பில நான் தண்ணி ஊத்திட்டேன். அது தெரியாம டாக்டரு பத்தாக்கிட்டாரு. இது உங்களுக்கு ஆவாது."

டம்ளர் அவர் கையிலேயே இருந்தது. அண்ணிக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் குரல் உயரவில்லை. "எந்தம்பியக் கொல்லப் பாத்தியா நீ," என்று கேட்டார். பிறகு அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் டம்ளரைப் பத்திரமாகக் கீழே வைத்தார். "தண்ணி எதுக்கு ஊத்துன?"

"மருந்து கொறஞ்சி போச்சி. நான் குடிச்சிட்டேன்."

"நீ எதுக்குக் குடிச்ச?"

"டாக்டரு உங்களக் கேட்டதெல்லாம் எனக்கும் இருந்திச்சி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அப்படி அவர் என்னைப் பார்த்ததில்லை. முகம், கழுத்து, கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்திருப்பார். பிறகு அக்காவிடம் வண்டி கூப்பிடச் சொன்னார். அண்ணி அசையவில்லை. அவரே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் புஷ் வண்டிக்காரனைக் கைதட்டி அழைத்தார்.

அந்த வண்டியில் நான் அவரோடு சேர்ந்து உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. எப்போதும் அவர் வண்டியில் போவார், நான் பக்கத்தில் நடப்பேன். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு குப்பிகளையும் அவர் மடியில் வைத்துக் கையால் மூடியிருந்தார். கடைத்தெரு தாண்டியதும் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா எடுத்தேன்."

"மருந்தக் கேக்கல. மூச்சு எத்தினி நாளா வாங்குது?"

"சின்னவன் பொறந்ததுலேர்ந்து."

எனக்கு நாடி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. வண்டியின் பக்கவாட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவர்தான் பேசினார். தண்ணீர் ஊற்றியதைச் சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன், எதையும் விடவில்லை. டாக்டர் பிரெஞ்சில் நிறையப் பேசினார். முகம் சிவந்து, மேசையைத் தட்டிப் பேசினார். உதவியாளர் அதில் ஒரே ஒரு வரியைத் தமிழில் சொன்னார்: "ரெண்டு பேரும் செத்திருப்பீங்கன்றாரு."

என்னை ஒரு மறைப்புக்குப் பின்னால் கூட்டிப் போனது வயதான ஒரு கன்னியாஸ்திரி. மாமேர் என்று கூப்பிடுவோம். வெள்ளைக்காரி, ஆனால் எங்கள் தெருக்காரி போலத் தமிழ் பேசுவாள். நான் ரவிக்கையில் கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஒரு துப்பட்டியை என் தோளோடு போர்த்தி, இடது பக்கம் கை நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கிப் பிடித்தாள். இவ்வளவு இடம் போதும் மகளே என்றாள். டாக்டர் அந்த இடைவெளியில் குழலை வைத்தார். வெகு நேரம் கேட்டார். கோபம் அடங்கிவிட்டது. முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்ததா சின்ன வயதில் என்று மாமேர் வழியாகக் கேட்டார். வந்தது என்றேன். நெஞ்சுக்குள்ளே ஒரு கதவு அன்றைக்கே கெட்டுவிட்டது என்றார். மாமேர் தன் மார்பில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்து என் நாடியை எண்ணினாள். நாற்பதுகூட இல்லை என்றாள். வயிற்றில் பிள்ளை இல்லை, அது மருந்தின் விஷம் என்றும் சொன்னாள். மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், அதனால்தான் வாரம் விட்டு வாரம் நிறுத்தச் சொல்வது என்பதையும் அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை வந்தபோதே இந்தத் துப்பட்டியைக் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது. கொடுக்கலாம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

அவரைப் பழையபடி ஐந்து சொட்டுக்கே மாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பெண்கள் வார்டில் பதினோரு நாள் கிடந்தேன். முதல் மூன்று நாள் பிழைப்பேனா என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. கறுப்புக் காப்பி கொடுத்து, எழுந்து உட்காரக்கூட விடாமல் வைத்திருந்தார்கள். பார்வையில் மஞ்சள் ஐந்தாம் நாள்தான் கலைந்தது. முன்பு அவர் படுத்திருந்த ஆண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கால்மாட்டில் முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், மனைவியோ தாயோ. பெண்கள் வார்டில் அந்த முக்காலிகள் காலியாகக் கிடந்தன. பக்கத்துக் கட்டிலில் நோணாங்குப்பத்து மீன்காரி ஒருத்தி. அவளுக்கும் நெஞ்சுதான், வயிறு வரை நீர் ஏறியிருந்தது. நான்காம் நாள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாமேர் வழிமறித்தாள். வீட்டில் சோறாக்க ஆளில்லை, புருஷன் சொல்லியனுப்பிவிட்டான், நாலு நாளே ஜாஸ்தி என்றாள். போய்விட்டாள். என்ன ஆனாளோ.

ஆறாம் நாள் அவர் வந்தார். இவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்கிறார், நடக்கக் கூடாதவர். முக்காலியில் உட்கார்ந்து, மூச்சு சமனப்பட்டதும் கொண்டுவந்ததைத் திறந்தார். தூக்குச்சட்டியில் கஞ்சி. ஒரு வாய் குடித்தேன், உப்பில்லை.

"ஒரே பானதான் இனிமே," என்றார். "எனக்கு ஒண்ணு உனக்கு ஒண்ணுன்னு வேணாம். அக்காகிட்ட சொல்லிட்டேன்."

என் மேல் கோபமா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். ஒளித்துச் சொல்லத் தெரியாத மனிதர். உனக்கு மருந்து வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கலாம், தண்ணீரை ஏன் ஊற்றினாய் என்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். பாதியைக் கொடுத்திருப்பார். கேட்க முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வரும்போது எனக்கென்று ஒரு குப்பி கொடுத்தார்கள், மூன்று சொட்டு, வாரத்தில் ஐந்து நாள். மாமேர் லேஸ் வேலை பார்த்துக் கொடுத்தாள். வெள்ளைக்காரத் தெரு மாடி வீட்டு வேலையை விட்டு நின்றேன். உட்கார்ந்து செய்யும் வேலை. சோறும் உட்கார்ந்தே ஆக்கினேன். தண்ணீர் எடுப்பது அண்ணியின் வேலையாயிற்று. ஆனால் அண்ணி என்னோடு பேசவில்லை. தம்பியின் குப்பியை மாடத்திலிருந்து எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் செபமாலையோடு முடிந்துகொண்டார். பொங்கல் வரை அவர் என்னோடு பேசியதெல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான்.

பொங்கல் கழித்து அவர் ஆலைக்குத் திரும்பினார். டாக்டர் நிற்கிற வேலை வேண்டாம் என்றார். மேஸ்திரி தறியை அவருக்காக வைத்திருந்தார், இவர் அதிலேயே போய் நின்றார். இனி அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். உடம்பு தேறியதும் சொட்டு மருந்தை விட்டுவிட்டார். நிறுத்துகிற வாரம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. நான் கேட்டால், ஆலையில் நிற்கிறவன் மடியில் குப்பியைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பார். மதியச் சோறு மற்ற ஆட்களோடு. அவர்கள் கருவாடு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். சனிக்கிழமை சாராயக்கடைக்கும் போனார். நோயாளி என்று பேரெடுக்க அவருக்குப் பயம். எனக்கு அந்தப் பேரை யாரும் கொடுக்கவே இல்லை. அவருக்கு அது ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயம். பெட்டிச் சாவி அண்ணியிடம் இருந்தும் என்ன செய்ய? மருந்தை வைத்துப் பூட்டலாம், குடிக்க வைக்க முடியாது.

மூன்றாம் வருஷம், தவக்காலத்தில் ஒரு பிற்பகல், வேலை விட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மோர் இருக்கிறதா என்று கேட்டார். கொண்டுவந்தேன். வாங்கக் கையை நீட்டியவர் அப்படியே சுவரோடு சரிந்தார். ஆஸ்பத்திரி வரை உயிர் நிற்கவில்லை.

நானும் அண்ணியும் அதே வீட்டில் அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் இருந்தோம். அவர் தண்ணீர் எடுத்தார், நான் லேஸ் பின்னினேன், பிள்ளைகள் ஆளானார்கள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். என் மகளின் கல்யாணத்துக்கு முதல் நாள், இருவரும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். முறத்தை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கி நீ சொல்லாம இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நோவுல போனான்னுதான் சொல்லியிருப்போம்."

"அவரு கையில டம்ளர் இருந்துச்சி அண்ணி," என்றேன்.

அவர் சற்று நேரம் அரிசியைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். பிறகு முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினார். கல் பொறுக்குவதற்கு எனக்கு ஒரு தட்டைத் தள்ளி வைத்தார்.